தீயைத் தொடாமலே அதன் சூட்டை அளப்பது எப்படி? விறகடுப்பும் லேசரும்

நாமக்கல் மாவட்டம் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலை. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலே இருக்கும் இந்த மலைக் கிராமங்களில், மழைக்காலக் காலை வேளையில் ஓட்டுக்கூரை இடுக்குகளில் புகை கசிவதைப் பார்க்கலாம். "ஈர விறகு, அதான் புகையுது" என்பார்கள். அது சரிதான். ஆனால், அந்தப் புகை சாதாரண விஷயம் இல்லை. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, விறகு, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றை எரிப்பதால் வீட்டுக்குள் சேரும் மாசு 2020-ல் மட்டும் உலகெங்கும் சுமார் 32 லட்சம் உயிர்களைப் பறித்தது.

புகையைக் குறைக்க வேண்டுமானால், தீக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அங்கேதான் சிக்கல்.

தீக்குள் என்ன இருக்கிறது?

விறகு சூடானதும் அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன் போன்ற வாயுக்கள் வெளியேறும். தழலாகத் தெரிவது இந்த வாயுக்கள் எரிவதுதான். நச்சான கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக மாற்றும் வேலையைப் பெரும்பாலும் செய்வது 'ஹைட்ராக்சில்' என்ற துடிப்பான மூலக்கூறுத் துண்டு. ஒரு ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன், அவ்வளவுதான். விறகு ஈரமாக இருந்தால் சூட்டில் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். தீ குளிரும், ஹைட்ராக்சில் குறையும், எரியாத வாயுவும் கரித்துகளும் அப்படியே வெளியேறும்.

குழாய் விட்டு உறிஞ்சி எடுத்துப் பார்த்தால் என்ன?

பார்க்கலாம். ஆனால், ஹைட்ராக்சில் போன்றவை குழாயின் சுவரில் பட்ட உடனே காணாமல் போய்விடும். வெப்பமானிக் கம்பியைத் தீக்குள் நீட்டினால், அது தழலின் ஓட்டத்தையே கலைத்துவிடும். ஆகவே தொடாமல் பார்க்க வேண்டும். அதற்கு ஒளிதான் வழி.

சி.வி. ராமன் இங்கே எப்படி வருகிறார்?

திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், கே.எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து 1928-ல் கண்டது இதுதான்: ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது அந்த மூலக்கூறின் அதிர்வைப் பொறுத்தது. அதாவது, அது ஒரு கைரேகை. ஆனால், இந்த ஒளி மிகவும் மங்கலானது. எல்லாத் திசையிலும் சிதறுவது. தழலின் சொந்த வெளிச்சத்தில் அது அமுங்கிப்போகும்.

'கார்ஸ்' என்ன செய்கிறது?

1965-ல் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவன ஆய்வகத்தில் மேக்கர், டெர்ஹூன் ஆகியோர் காட்டிய விளைவு இதற்கு வழி திறந்தது. பின்னாளில் அதற்கு 'கார்ஸ்' என்று பெயர் வந்தது. 1970-களில் பிரான்சில் அதைத் தழல்களில் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

தேர் வடத்தை ஆளாளுக்கு இழுத்தால் தேர் நகராது. எல்லோரும் ஒரே தாளத்தில் இழுத்தால்தான் நகரும். கார்ஸ் முறையில் இரண்டு லேசர்கள் அந்தத் தாளத்தைக் கொடுக்கின்றன. 532 நானோமீட்டர் பச்சை, 607 நானோமீட்டர் செம்மஞ்சள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் நைட்ரஜன் மூலக்கூறின் அதிர்வோடு அச்சாகப் பொருந்தும். மூலக்கூறுகள் ஒன்றாக ஆடத் தொடங்கும். அவற்றில் பச்சை ஒளி மீண்டும் பட்டுச் சிதறும்போது, 473 நானோமீட்டரில் நீல ஒளி ஒரே கற்றையாக வெளிவரும். தழலுக்குத் தள்ளியிருந்தே அதைப் பிடித்துவிடலாம்.

அந்த நீல ஒளியின் வடிவத்தைப் பார்த்தால் சூடு தெரியும். சூடு ஏற ஏற, வேகமாக அதிரும் மூலக்கூறுகள் கூடும்; நிறமாலையில் புதிய முகடு எழும். ஒரு லேசர் துடிப்பின் நேரம் சுமார் 10 நானோநொடி, அதாவது நொடியில் 10 கோடியில் ஒரு பங்கு. அலைபாயும் தழலை அந்தக் கணத்தில் உறையவைத்துப் பார்ப்பது மாதிரிதான்.

இதை 'நேரியல் அல்லாத' முறை என்பது ஏன்? சாதாரணமாக ஒளியை இரண்டு மடங்காக்கினால் பதிலும் இரண்டு மடங்குதான். இங்கே இரண்டு லேசர்களின் வலிமையையும் இரட்டிப்பாக்கினால், பதில் எட்டு மடங்கு.

குறையே இல்லையா?

இருக்கிறது. மூலக்கூறுகளின் எண்ணிக்கை பத்தில் ஒன்றானால், சமிக்ஞை நூறில் ஒன்றாகிவிடும். அதனால் நைட்ரஜன் போன்று ஏராளமாக இருப்பவற்றுக்குத்தான் கார்ஸ் பொருத்தம். ஹைட்ராக்சில் போன்ற அரிதானவற்றுக்கு, அவற்றின் நிறத்துக்கே லேசரை இசைத்து மூன்று கற்றைகளைச் சந்திக்கவைத்து நான்காவதைப் பெறும் 'நான்கு அலைக் கலப்பு' முறை கைகொடுக்கும். கரித்துகள் நிறைந்த விறகுத் தழல் இன்னும் சவாலானது. லேசர் பட்டு ஆவியாகும் கரித்துகளிலிருந்து பிறக்கும் இரட்டைக் கார்பன் மூலக்கூறு, அதே நீல நிறத்தில் குறுக்கே வரும்.

மலைக்கு இதனால் என்ன பயன்?

லேசர் 70 வளைவு ஏறி வராது. வர வேண்டியது நல்ல அடுப்பு. காற்றுத் துளையை எங்கே வைத்தால் வாயு முழுசாக எரியும், எந்த இடத்தில் தீ குளிர்கிறது என்பதையெல்லாம் ஊகித்துச் சொல்லாமல் அளந்து சொல்ல இத்தகைய முறைகள் உதவும். கொல்லிமலை உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிட எட்டில் ஒரு பங்கு வரை குறைவு. ஆக்சிஜனும் அதே அளவு குறைவு. சமவெளியில் சோதித்த அடுப்பு மலையிலும் அப்படியே எரியும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அங்கேயும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அதுவரை? விறகை மழை படாமல் அடுக்கி நன்றாகக் காயவையுங்கள். சமைக்கும்போது ஜன்னலைத் திறந்துவையுங்கள். லேசர் சொல்லும் அறிவியலும் இதைத்தான் சொல்கிறது.