சமையல் ஆர்டரோடு சரக்கும் வந்தால் பொறுப்பு யாருக்கு?



கோரிமேடு பகுதியில் நம்ம குழுக்கள் இப்போது ஊறுகாய், அப்பளத்தோடு நின்றுவிடவில்லை. காதுகுத்து, வளைகாப்பு, பணி ஓய்வு விருந்து என்று சமையல் ஆர்டரும் எடுக்கிறோம். ஆர்டர் கொடுக்க வருகிறவர் சில நேரம் மெதுவாக இன்னொன்றும் கேட்பார். "அக்கா, ராத்திரி கொஞ்சம் சரக்கும் இருக்கும். உங்க ஆளுங்களே ஊத்திக் கொடுத்துடட்டும், தனியா காசு தந்துடறோம்."

குடியால் குடும்பம் படுகிற பாடு நமக்குத் தெரியாததா? "இதை ஏன் நம்ம இதழில் எழுதணும்?" என்று சிலர் கேட்கலாம். எங்கள் கூட்டத்தில் ஒரு குழு சொன்னதைக் கேட்ட பிறகுதான் எழுத வேண்டும் என்று முடிவு செய்தோம்.

ஒரு மண்டபத்தில் விருந்து. சாப்பாடு நம்ம குழு. உறுப்பினர் ஒருவரின் மகன் கிளாஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறான். நன்றாகக் குடித்த ஒருவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய், சைக்கிளில் வந்தவரை இடித்துவிட்டார். அவருக்குக் கால் முறிந்தது. மறுநாள் அவர் வீட்டார், "ஊத்திக் கொடுத்தது யாரு?" என்று நம்ம பெண்களிடம் வந்து நின்றார்கள். ஆர்டர் கொடுத்தவரோ, "எல்லாம் சமையல்காரங்க பொறுப்பு" என்று கைகழுவிவிட்டார். எழுத்தில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கடைசியில் 15,000 ரூபாய் குழுச் சேமிப்பிலிருந்து போனது. மூன்று மாதம் உள்கடன் கொடுக்க முடியவில்லை.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் பல மாநிலங்களில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. ஏற்கெனவே போதையில் தள்ளாடுகிறவருக்கு மேலும் மது விற்று, அவர் வெளியே போய் யாரையாவது இடித்தால், விற்றவரும் நஷ்டஈடு கொடுக்க வேண்டி வரும். அதற்காகவே 'மது பொறுப்புக் காப்பீடு' என்று தனிப் பாலிசி வந்தது. மது விற்பது தொழிலாக இல்லாமல், எப்போதாவது விருந்தில் மது தருகிற சிறு நிறுவனங்களுக்கு, சாதாரணப் பொறுப்புப் பாலிசியிலேயே ஓரளவு பாதுகாப்பு இருக்கும். காசு வாங்கி விற்றால் தனிப் பாலிசி எடுக்க வேண்டும்.

நம்ம நாட்டில் என்ன நிலை?

அப்படித் தனிச் சட்டம் இங்கே இல்லை. அதனால் நமக்கு ஒன்றும் வராது என்று நினைக்காதீர்கள். கவனக்குறைவால் ஒருவருக்குத் தீங்கு வந்தது என்று காட்டி, சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கலாம். கேஸில் ஜெயித்தாலும் வக்கீல் செலவும் அலைச்சலும் நமக்குத்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து குற்ற வழக்கு. மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள்.

1. புதுச்சேரி கலால் சட்டம் 1970-ன்படி லைசென்ஸ் இல்லாமல் மது விற்பது குற்றம். 'சாப்பாட்டோட சேர்த்துப் போட்டுக்கலாம்' என்று பில்லில் காசு சேர்த்தால் அதுவும் விற்பனை என்றே ஆகிவிடலாம்.

2. 18 வயது நிரம்பாதவருக்கு மது கொடுத்தால், சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 77-வது பிரிவின்படி 7 வருஷம் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய கார் மோதி இரண்டு பேர் இறந்தார்கள். அவனுக்கு மது கொடுத்ததாக பார் நடத்தியவர்களையும் போலீஸ் கைது செய்தது.

3. எங்கிருந்து வந்தது என்று தெரியாத சரக்கைத் தொடவே கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. பாதிக்கப்பட்டவர்களில் சிலரை நம்ம கோரிமேடு ஜிப்மருக்குத்தான் கொண்டுவந்தார்கள்.

எந்தப் பாலிசி உதவும்?

இங்கே நமக்குக் கிடைப்பது 'பொதுப் பொறுப்புக் காப்பீடு', அதாவது பப்ளிக் லயபிலிட்டி பாலிசி. நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல், யுனைடெட் இந்தியா ஆகிய நான்கு அரசு கம்பெனிகளிலும் கேட்கலாம். நம்ம வேலையால் வெளியாளுக்குக் காயமோ பொருள் சேதமோ ஏற்பட்டு, நாம் சட்டப்படி நஷ்டஈடு தர வேண்டி வந்தால், கம்பெனி கொடுக்கும். கம்பெனி சம்மதத்தோடு செய்த கோர்ட் செலவும் இதில் அடங்கும்.

ஒரு குழப்பம் வேண்டாம். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்த 1991-ம் வருஷத்துப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், ஆபத்தான ரசாயனங்களைக் கையாளும் தொழிற்சாலைகளுக்கானது. நாம் கேட்க வேண்டியது அந்தச் சட்டத்தில் வராத சாதாரணப் பாலிசி.

பாலிசியில் இரண்டு தொகை இருக்கும். ஒரு விபத்துக்கு இவ்வளவு, ஒரு வருஷத்துக்கு மொத்தம் இவ்வளவு. உதாரணமாக, விபத்துக்கு 5 லட்சம், வருஷத்துக்கு 10 லட்சம். முதலில் ஒரு சிறு தொகையை நாமே போட வேண்டியிருக்கும். உணவு கெட்டு வாந்தி பேதி வந்தால் அதுவும் சேருமா என்று கேட்டு, தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சமையல் குழுவுக்கு இதுதான் முதல் தேவை.

எதற்குப் பணம் வராது?

* கோர்ட் போடும் அபராதத்துக்கு வராது. ஜெயிலுக்கு இன்சூரன்ஸ் கிடையாது.
* தெரிந்தே சட்டத்தை மீறினால் வராது. லைசென்ஸ் இல்லாமல் விற்றால் பாலிசி வெறும் காகிதம்.
* "எல்லாப் பொறுப்பும் எங்களுடையது" என்று நாமே எழுதிக் கொடுத்து ஏற்றுக்கொண்டதற்கு வராது.
* மது பரிமாறுவதை மறைத்திருந்தால் மறுத்துவிடுவார்கள்.

ஏஜென்ட் நல்லவராகவே இருக்கட்டும், வெற்று விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "மது இருக்கிற விருந்துக்கும் இந்தப் பாலிசி செல்லுமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். 'செல்லும்' என்று வாயால் சொன்னது நாளைக்கு நிற்காது.

ஆர்டர் எடுக்கும் முன்

* "சாப்பாடு மட்டும் எங்கள் பொறுப்பு. மது வாங்குவது, அனுமதி, பரிமாறுவது ஆர்டர் கொடுப்பவர் பொறுப்பு" என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள்.
* கலால் துறை அனுமதி தேவையா என்று ஆர்டர் கொடுப்பவரே விசாரித்து, நகலை நமக்குக் கொடுக்கட்டும்.
* நம்ம பெண்களோ பிள்ளைகளோ கிளாஸில் கை வைக்க வேண்டாம். தனிக் காசு எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம்.
* போதையில் வண்டி எடுப்பவரைக் கண்டால் விருந்து நடத்துபவரிடம் உடனே சொல்லி, ஆட்டோ பிடிக்கச் சொல்லுங்கள். குடித்து ஓட்டினால் முதல் தடவையே 6 மாதம் வரை ஜெயில் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.
* ஏதாவது நடந்துவிட்டால் "தப்பு எங்களுடையது" என்று எழுதிக் கொடுக்காமல், பாலிசி இருந்தால் அன்றே கம்பெனிக்குத் தெரிவியுங்கள்.

கம்பெனி நியாயமில்லாமல் மறுத்தால், முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதம் வரை பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) போகலாம். புதுச்சேரி அவர் எல்லைக்குள் வருகிறது. தனி உரிமையாளர், குறுந்தொழில் பேரில் எடுத்த பாலிசிகளையும் அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

சகோதரிகளே, பாலிசி நல்ல குடைதான். ஆனால் நாமே போய் விழுகிற கிணற்றுக்கு அந்தக் குடை உதவாது. சமைப்பது நம்ம தொழில், ஊற்றிக் கொடுப்பது நம்ம தொழில் இல்லை. அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த முறை "அக்கா, கொஞ்சம் ஊத்திக் கொடுங்க" என்று யாராவது கேட்டால், தீர்மானத்தைக் காட்டி, "எங்க குழுவில் அது கிடையாதுங்க" என்று சொல்லிவிடலாம்.