இரும்புத் தூண் இறக்குமுன்

அலவாங்கால் குழி தோண்டிக் கதியால் நட்டுப் பழகியவர்கள் நாம். பெற்றோலில் ஓடும் இயந்திரமோ இரும்புத் தூணின் தலையில் விடாமல் அடித்து, குழியில்லாமலே அதை நிலத்துள் இறக்கிவிடும். மழைக்குப்பின் ஈரமண்ணில் வேலை சுகம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லில் தூண் வளையும். அங்கே இந்த இயந்திரம் வீண்செலவு.

மீள்குடியேறிய காணியிலோ முதற் கேள்வி மிதிவெடி. இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது 2017இல்தான். வெடி அகற்றுவோர் ஒரு குறித்த ஆழம் வரையே தேடுகிறார்கள். ஆறடித் தூணோ இரண்டடி கீழே போகிறது. ஆகவே ‘துப்புரவான காணி’ என்ற சொல்லோடு திருப்தியடையாமல், எவ்வளவு ஆழத்துக்கு என்று கிராம அலுவலர் மூலம் விசாரியுங்கள்.

இறங்கும் தூண் திடீரென முட்டினால் பலவந்தமாக அடிக்க வேண்டாம். இயந்திரத்தை நிறுத்தி, வந்த தடத்திலேயே திரும்பி, உடனே அறிவியுங்கள்.