படம் இருக்கிறது, உரிமை இருக்கிறதா?

ஓடிடி தளம் ஒன்றில் எந்தப் படம் எந்த நாட்டில், எந்த நாள் முதல் எந்த நாள் வரை ஓட வேண்டும் என்று கணக்குப் பார்ப்பதற்கென்றே தனி மென்பொருள்கள் உள்ளன. உரிமை மேலாண்மை மென்பொருள் ஒப்பந்தங்களைப் பதிந்து வைக்கிறது. அட்டவணை மென்பொருள் அந்த ஒப்பந்தங்களுக்கு உட்பட்டு வெளியீட்டைத் திட்டமிடுகிறது. பார்வையாளர் கண்ணில் படுவது போஸ்டரும் பிளே பொத்தானும்தான். அந்தப் பொத்தானை அங்கே வைக்கலாமா கூடாதா என்று தீர்மானிப்பவை இந்த இரண்டு மென்பொருள்களும். இத்துறையில் இப்போது திட்டமிடப்படும் மேம்பாடுகள் பலவாக இருந்தாலும் நோக்கம் ஒன்றுதான்: வழக்கறிஞர் நடையில் காகிதத்தில் கிடக்கும் ஒப்பந்தத்தை, கணினி தானே சரிபார்க்கக்கூடிய தரவாக மாற்றுவது.

உரிமை மேலாண்மையை டிஆர்எம் என்னும் தொழில்நுட்பப் பூட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வைட்வைன், ஃபேர்பிளே, பிளேரெடி போன்ற பூட்டுகள் படத்தைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுப்பதைத் தடுக்கின்றன. பூட்டை யாருக்கு, எதுவரை திறக்கலாம் என்று சொல்வது உரிமை மேலாண்மை.

துண்டு துண்டாக விற்பனை

உரிமையைப் பிரித்து விற்பது தமிழ் சினிமாவுக்குப் புதிதல்ல. சென்னை, செங்கல்பட்டு, கோவை, மதுரை, திருச்சி-தஞ்சை, சேலம், நெல்லை-குமரி என்று ஏரியா பிரித்து விநியோகஸ்தர்களுக்குப் படம் கொடுப்பது நெடுநாள் வழக்கம். பிறகு சாட்டிலைட் உரிமை வந்தது, அதன் பின் டிஜிட்டல் உரிமை. இன்று ஒரே படத்தின் டிஜிட்டல் உரிமையே பல கூறுகளாகப் பிரிகிறது: எந்த நாடு, எத்தனை ஆண்டு, எந்தெந்த மொழி டப்பிங், சந்தா கட்டிப் பார்ப்பதா, விளம்பரத்தோடு இலவசமா, வாடகையா, ஒரே தளத்துக்கு மட்டுமா, டவுன்லோட் செய்யலாமா. ஒரு படத்துக்கு இந்தியாவில் ஒரு தளமும் மலேசியா, சிங்கப்பூரில் வேறொரு தளமும் உரிமை வைத்திருக்கலாம். தமிழ்ப் பதிப்பு ஒருவரிடமும் இந்தி டப்பிங் இன்னொருவரிடமும் இருக்கலாம்.

தேதிகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. ஓடிடி தேதி பெரும்பாலும் திரையரங்கு வெளியீட்டிலிருந்து எண்ணப்படுகிறது. 2021 ஜனவரி 13 அன்று திரைக்கு வந்த ‘மாஸ்டர்’ பதினாறே நாளில், ஜனவரி 29 அன்று, பிரைம் வீடியோவுக்கு வந்தது. பின்னர் தமிழில் நான்கு வார இடைவெளி வழக்கமானது. இந்திப் படங்களுக்கு எட்டு வாரம் வேண்டும் என்கின்றன வடக்கின் பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள். 2023 அக்டோபரில் வெளியான ‘லியோ’வின் இந்திப் பதிப்பை அவை திரையிடாததற்கு இந்த வேறுபாடே காரணம். திரையரங்கு வெளியீடு ஒரு வாரம் தள்ளிப்போனால் ஓடிடி தேதி, தொலைக்காட்சி ஒளிபரப்பு, டப்பிங் பதிப்புகள் எல்லாம் சேர்ந்து நகர வேண்டும். இவற்றைத் தனித்தனித் தேதிகளாகப் பதிந்திருந்தால் ஒவ்வொன்றையும் கையால் திருத்த வேண்டும். “வெளியீட்டிலிருந்து 28ஆம் நாள்” என்ற விதியாகப் பதிந்திருந்தால் மென்பொருளே திருத்திக்கொள்ளும்.

பிழை நுழையும் இடங்கள்

‘மார்ச் 31 வரை உரிமை உண்டு’ என்று ஒப்பந்தம் சொல்வதாகக் கொள்வோம். 31ஆம் தேதி முழுவதும் ஓடலாமா, அன்று தொடங்கும்போதே எடுத்துவிட வேண்டுமா? எந்த நாட்டு நள்ளிரவு? சர்வர்கள் பொதுவாக யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் இயங்குகின்றன. மார்ச் 31 இரவு 11:59 என்று யூடிசி நேரத்தில் பதிந்துவிட்டால், இந்தியாவில் ஏப்ரல் 1 விடியற்காலை 5:29 வரை படம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஐந்தரை மணி நேரமும் உரிமை இல்லாத ஒளிபரப்புதான். நெட்ஃபிளிக்ஸின் அமெரிக்கத் தொடர்கள் இந்தியாவில் கோடையில் பகல் 12:30க்கும் குளிர்காலத்தில் 1:30க்கும் வருவதும் இந்த நேரக் கணக்கால்தான். கலிஃபோர்னியாவின் நள்ளிரவை வைத்து வெளியீடு நடக்கிறது. அங்கே ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுகிறார்கள்.

தேதி மட்டுமே வரம்பு என்றும் எண்ண முடியாது. ஸ்டார்ஸ் நிறுவனம் வழியாக நெட்ஃபிளிக்ஸுக்கு வந்துகொண்டிருந்த சோனி படங்கள் 2011 ஜூனில் திடீரென்று நின்றுபோயின. இணையத்தில் பார்க்கும் சந்தாதாரர் எண்ணிக்கைக்கு ஒப்பந்தம் வைத்திருந்த உச்சவரம்பு தாண்டப்பட்டதே காரணம் என்று அப்போது செய்தி வெளியானது. அட்டவணையில் தேதி சரியாக இருந்தும் எண்ணிக்கை இடித்தது.

இன்னொரு சிக்கல் பாடல்கள். படத்துக்கு உரிமை இருந்தும் அதற்குள் ஒலிக்கும் பாட்டுக்கு இல்லாமல் போகலாம். 1988 முதல் 1993 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான ‘தி ஒண்டர் இயர்ஸ்’ தொடர் முழுவதும் அக்காலத்துப் பாடல்கள். அவற்றுக்கெல்லாம் அனுமதி வாங்கும் சிக்கலில் தொடரின் முழுத் தொகுப்பு டிவிடியாக வர 2014 ஆகிவிட்டது.

இந்தியாவில் பழைய படங்களுக்குக் கூடுதல் கேள்விகள் உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்று ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டு என்று கொள்ளப்படும். எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். ஒப்பந்தம் போட்ட நாளில் இல்லாத ஊடகத்தை அந்த ஒப்பந்தம் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் ஒழியக் கட்டுப்படுத்தாது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. கைமாறிக் கைமாறி வந்த படத்துக்கு, நிலத்துக்கு வில்லங்கச் சான்று பார்ப்பதைப் போல, முதல் தயாரிப்பாளர் தொடங்கி இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறாமல் வருகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

வரவிருக்கும் மாற்றங்கள்

முதல் வேலை அடையாளம். ‘விக்ரம்’ என்றால் 1986ஆம் ஆண்டுப் படமா, 2022ஆம் ஆண்டுப் படமா? இரண்டிலும் நாயகன் கமல்ஹாசன்தான். பெயரை மட்டும் நம்பும் கணினி இங்கே தடுமாறும். இதற்காக ஹாலிவுட் ஸ்டுடியோக்களும் கேபிள் நிறுவனங்களும் சேர்ந்து 2010இல் எய்டர் என்ற பதிவேட்டைத் தொடங்கின. ஒரு படத்துக்கு மட்டுமன்றி, அதன் வெட்டப்பட்ட பதிப்பு, நீட்டிக்கப்பட்ட பதிப்பு, மொழிப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுக்க அதில் வழி உண்டு. ஒப்பந்தம், கோப்பு, அட்டவணை மூன்றும் ஒரே எண்ணைச் சுட்டினால் ஆள்மாறாட்டம் நடக்காது.

இரண்டாவது, தகவல் பரிமாற்றம். எந்தப் படம் எங்கே எப்போது கிடைக்கும் என்ற பட்டியலை ஸ்டுடியோக்கள் தளங்களுக்கு எக்செல் தாளில் அனுப்புவது பரவலாக நடக்கிறது. ஒரு வரிசையை நகலெடுக்கும்போது நாட்டுக் குறியீடு ஒரு கட்டம் கீழே இறங்கினால் போதும், படம் தவறான நாட்டில் திறந்துவிடும். ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் கூட்டு ஆய்வமைப்பான மூவிலேப்ஸ், அந்தப் பட்டியலுக்குப் பொதுவான வடிவத்தை வகுத்திருக்கிறது. அடுத்த படி, கணினிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசுவது. ஸ்டுடியோ பக்கம் தேதி மாறியதும் தளத்தின் அட்டவணையும் மாறும். தகவல் கிடைத்ததற்கு ஒப்புகையும் திரும்பிச் செல்லும்.

மூன்றாவது, முன்கூட்டியே மோதல் காண்பது. இன்று பல இடங்களில் சரிபார்ப்பு கடைசிக் கட்டத்தில்தான் நடக்கிறது: விளம்பரம் போன பிறகு, டப்பிங் முடிந்த பிறகு. புதிய வடிவமைப்பில், அட்டவணையில் ஒரு படத்தை வைக்கும் கணத்திலேயே உரிமை சோதிக்கப்படும். ‘இந்தப் படத்தை தீபாவளிக்கு விளம்பரத்தோடு இலவசமாகக் கொடுத்தால் எந்த ஒப்பந்தம் இடிக்கும்?’ என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுப் பார்க்கவும் முடியும்.

நான்காவது, தொலைக்காட்சியையும் ஓடிடியையும் ஒரே அட்டவணைக்குள் கொண்டுவருவது. 2007 டிசம்பர் 25 அன்று பிபிசி ஐபிளேயர் தொடங்கியபோது ஒளிபரப்பான நிகழ்ச்சிகள் பொதுவாக ஏழு நாள் மட்டுமே கிடைத்தன. 2014இல் அது 30 நாள் ஆனது. 2019இல் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், பல நிகழ்ச்சிகளை ஓராண்டு வைத்திருக்க அனுமதி தந்தது. பார்வையாளருக்கு இது நாள் கூடிய செய்தி மட்டுமே. உள்ளே, நடிகர், எழுத்தாளர், இசை, வெளித் தயாரிப்பு நிறுவனம் என்று ஒவ்வோர் உரிமையும் புதிய காலத்துக்குப் பொருந்துகிறதா என்ற கேள்வி எழுகிறது. மறு ஒளிபரப்பு நடந்தால் எண்ணிக்கை புதிதாகத் தொடங்குமா என்பதும் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி வேறுபடலாம். இரண்டு அட்டவணைகள் தனித்தனியே இருந்தால் இதற்கெல்லாம் விடை காண்பது கடினம்.

ஐந்தாவது, ஒழுங்காக எடுப்பது. 2023 மார்ச் 31ஓடு ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ உள்ளிட்ட எச்பிஓ தொடர்கள் இந்தியாவில் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரிலிருந்து நீங்கின. பாதி பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஏமாற்றம். முடிவுத் தேதியை மென்பொருள் தெளிவாக அறிந்திருந்தால், விரைவில் நீங்குகிறது என்ற அறிவிப்பைப் போதிய அவகாசத்தோடு காட்டலாம், போனில் இறக்கி வைத்த பிரதியைக் காலாவதியாக்கலாம், நீங்கிய தொடரைப் பரிந்துரைப் பட்டியலிலிருந்தும் விலக்கலாம்.

ஆறாவது, படைப்பாளிக்குச் சேர வேண்டிய கணக்கு. படத்தில் இடம்பெற்ற பாடலைத் திரையரங்குக்கு வெளியே பயன்படுத்தினால் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு, அதை அவர்கள் சட்ட வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம். எது எத்தனை முறை எங்கே ஓடியது என்ற பதிவு இல்லாமல் அந்தப் பங்கைக் கணக்கிட வழியில்லை. மேம்பாடுகளில் மிக நியாயமானது இதுவே. பின்னுக்குத் தள்ளப்படக் கூடாததும் இதுவே.

இயந்திரத்தின் எல்லை

ஒப்பந்தங்களைப் படித்து நாடு, காலம், மொழி ஆகியவற்றைப் பிரித்தெடுக்கச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் திட்டங்களும் உள்ளன. நூறு பக்க ஆவணத்தில் தொடர்புடைய பிரிவைத் தேடித் தருவதில் அதன் பயன் பெரிது. ஆனால் ஒரு விலக்கு வாக்கியத்தைத் தவறவிட்டால் முழுப் பொருளும் தலைகீழாகும். அதனால் எடுத்த ஒவ்வொரு தகவலுக்கும் மூலப் பிரிவைச் சுட்டிக்காட்டுவதும், உரிமை அறிந்த மனிதர் ஒருவர் ஒப்புதல் தந்த பிறகே அது அட்டவணைக்குள் செல்வதும் கட்டாயமாக இருக்க வேண்டும்.

தவறான தரவைப் புதிய மென்பொருளுக்கு மாற்றினால் தவறு விரைவாகப் பரவும், அவ்வளவுதான். அதனால் பணி வரிசை முக்கியம்: முதலில் பழைய ஒப்பந்தங்களையும் அவற்றின் திருத்தக் கடிதங்களையும் தேடித் தொகுப்பது, அடுத்து படங்களுக்கு ஒரே அடையாள எண் கொடுப்பது, பிறகு உரிமைகளை விதிகளாகப் பதிந்து சரிபார்ப்பது, கடைசியாகத்தான் அட்டவணையைத் தானியங்கியாக்குவது.