பேட்டரி நம்பர் பார்த்தாச்சா பாஸ்?

ராத்திரி செல்லை சார்ஜ்ல போட்டு, தலையணைக்கு அடியில வெச்சுட்டுத் தூங்குற ஹாஸ்டல்வாசியா நீங்க? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்!

லித்தியம் அயான் பேட்டரிக்குள்ள பாசிட்டிவ், நெகட்டிவ்னு ரெண்டு அடுக்கு. நடுவுல தலைமுடியைவிட மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் தாள். மாமியாரும் மருமகளும் மோதிக்காம நடுவுல நிக்கிற மகன் மாதிரி! அந்தத் தாள் கிழிஞ்சா ஷார்ட் சர்க்யூட். சூடு ஏறும். அந்தச் சூடே உள்ளே நடக்கிற வேதிவினையை இன்னும் வேகப்படுத்தும். உள்ளே இருக்கிற திரவமோ எளிதில் பத்திக்கிற ரகம். இதுக்குப் பேர் 'தெர்மல் ரன்அவே'.

ஒரே பேட்டரி, வேற நம்பர்

2007 ஆகஸ்ட்டில் நோக்கியா ஒரு எச்சரிக்கை விட்டது. 1100 உட்பட பல மாடல்களில் இருந்த பிஎல்-5சி பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சம் மட்டும், சார்ஜ் ஏறும்போது அதிகமா சூடாகலாம்! அந்த ரகத்தில் மொத்தம் 30 கோடி பேட்டரி வந்திருந்தது. பார்க்க எல்லாம் ஒரே மாதிரி. வித்தியாசம் சொன்னது பின்பக்கம் இருந்த நம்பர்தான்.

திருப்பித் தராத 7 பேர்

2016-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தது. செப்டம்பரில் 25 லட்சம் போன்களைத் திரும்பக் கூப்பிட்டு, வேறு கம்பெனி பேட்டரியோடு புதுசு கொடுத்தாங்க. அதுவும் எரிந்தது! முதல் பேட்டரியில் மூலை நசுங்கல். ரெண்டாவதில் வெல்டிங் பிசிறு. அக்டோபரில் போனுக்கே மூடுவிழா.

பணம் வாபஸ்னு சொல்லியும், அமெரிக்காவில் டிசம்பர் வரை 100-க்கு 7 போன் திரும்பி வரலை. கடைசியில், சார்ஜே ஏறாதபடி சாஃப்ட்வேர் அனுப்ப வேண்டியதாப் போச்சு. இத்தனைக்கும், விமானத்தில் ஏற்றவே தடை விதிச்ச போன் அது!

பழைய கதைனு நினைக்காதீங்க. 2025 ஜூனில் அமெரிக்காவில் ஆங்கர் கம்பெனி 11 லட்சத்துக்கும் மேல பவர் பேங்க்குகளைத் திரும்பக் கூப்பிட்டது. எல்லாம் 2016-லிருந்து 2022-க்குள் விற்றவை. 'மூணு வருஷமா நல்லாத்தானே இருக்கு'ங்கிறது பாதுகாப்புக்கு கேரன்டி இல்லை மக்களே!

உடனே செய்யுங்க

* செல், லேப்டாப், பவர் பேங்க் பின்னாடி இருக்கிற மாடல் நம்பரையும் சீரியல் நம்பரையும் குறிச்சு, கம்பெனியின் ரீகால் அறிவிப்போடு ஒப்பிடுங்க.
* புதுசா வாங்கும்போது 'ஆர்' எழுத்தில் ஆரம்பிக்கிற பிஐஎஸ் பதிவு எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டுப் பாருங்க.
* பேட்டரி உப்பிப்போச்சா? சார்ஜ் போடாதீங்க, குத்தாதீங்க, குப்பைத்தொட்டியில வீசாதீங்க. சர்வீஸ் சென்டர்ல கொடுங்க.
* சார்ஜ் போடுற இடம் மேஜை, மெத்தை இல்லை.

ரீகால் வந்தா கம்பெனியைக் கிண்டல் பண்ணி மெசேஜ் ஃபார்வர்டு பண்றோம். கிண்டல் இருக்கட்டும். கம்பெனி கூப்பிட்டாச்சு, போக வேண்டியது நாமதானே பாஸ்?