கடந்தவரும் கடத்தப்பட்டவரும்

'பாரதியார் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்த ஊர் எது?' என்னும் வினா பொது அறிவுப் போட்டிகளுக்குப் பழக்கமான வினா. 'புதுச்சேரி' என்று விடையளிக்கும் மாணவருக்கு மதிப்பெண் கிடைத்துவிடும். விடையில் பிழையில்லை, பிழை வினாவில் இருக்கிறது. பாரதியாரைப் புதுச்சேரிக்கு எந்த அரசும் கடத்தவில்லை. அவர் தாமே சென்றார். இலக்கியத்தையும் அரசியல் வரலாற்றையும் இணைத்துக் கேட்கப்படும் துணுக்கு வினாக்களில் இத்தகைய மயக்கம் மிகுதி. ஓவிட், தாந்தே, விக்தர் யூகோ, பிரமூதியா என்று பெயர்களை அடுக்கி, அனைவருக்கும் 'நாடுகடத்தப்பட்டவர்' என்னும் ஒரே சீட்டை ஒட்டிவிடுகிறோம். அச்சீட்டைச் சற்றே உரித்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

சொல்லின் அமைப்பிலிருந்து தொடங்குவோம். நட என்பதிலிருந்து நடத்து. கிட என்பதிலிருந்து கிடத்து. அவ்வாறே கட என்பதிலிருந்து கடத்து. முன்னவை தன்வினை, பின்னவை பிறவினை. ஒருவர் எல்லையைக் கடந்தார் என்றால் செயல் அவருடையது. அவரை எல்லை கடத்தினார்கள் என்றால் செயலுக்கு உரியவர் வேறொருவர். அவர் பெரும்பாலும் கையில் ஆணையோடு நிற்கும் அரசர் அல்லது அதிகாரி. 'நாடுகடத்தல்' என்று நாம் எழுதும்போதெல்லாம், அறிந்தோ அறியாமலோ, ஓர் ஆணையையும் அதை இட்டவரையும் சேர்த்தே எழுதுகிறோம். ஆகவே இச்சொல் இடம் தவறினால் இருவகைக் கேடு விளையும். இல்லாத ஆணை ஒன்று வரலாற்றில் முளைக்கும். அல்லது, உண்மையாகவே ஆணையிட்டவர் பலருள் ஒருவராக மறைந்துபோவார்.

பாரதியார் செய்தி இதுதான். சென்னையில் 1906ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'இந்தியா' வார இதழை அவர் நடத்திவந்தார். எழுத்தெல்லாம் அவருடையதாயினும், சட்டப்படி பொறுப்பாசிரியராகப் பதிவு பெற்றிருந்தவர் சீனிவாசன் என்பவர். 1908இல் அரசு இதழின்மேல் பாய்ந்தபோது சிறைக்குச் சென்றவரும் அவரே. அடுத்த இலக்கு யார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. நண்பர்கள் வற்புறுத்தப் பாரதியார் அவ்வாண்டே புதுச்சேரிக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு அகவை இருபத்தைந்து. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஆங்கிலேயக் காவலர் அங்கே கைவைக்க இயலாது. ஆக, அவர் செய்தது தப்பிச் சென்று தஞ்சம் புகுந்தது. வினை முழுதும் தன்வினை.

ஆயினும் அது விரும்பி மேற்கொண்ட வாழ்வன்று. அவ்வாண்டு அக்டோபரிலேயே 'இந்தியா' புதுச்சேரியிலிருந்து மீண்டும் வெளிவரத் தொடங்கியது. அந்த எழுத்தாளரைப் பிடிக்க முடியாத அரசு, அவர் எழுத்தைப் பிடித்தது. இதழ் ஆங்கிலேய இந்தியாவுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. படிப்போர் அனைவரும் எல்லைக்கு அப்பால் இருந்தமையால் 1910இல் இதழ் நின்றது. அவ்வாண்டே அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் அங்கு வந்துசேர்ந்தனர். 1911 சூன் 17இல் மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ் சுடப்பட்ட பிறகு, ஒற்றர் கூட்டம் பெருகியது, கடிதங்கள் இடைமறிக்கப்பட்டன. இந்நெருக்கடிக்குள்தான் பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பிறந்தன. பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912இல் அச்சேறியது. சூதில் தோற்றோர் பன்னிரண்டாண்டு வனவாசமும் ஓராண்டு அஞ்ஞாதவாசமும் செல்வதாக விரியும் பெருங்கதையிலிருந்து, தாமே ஊர்விட்டு வாழ்ந்த கவிஞர், காட்டுக்குச் செல்லும் பகுதியைத் தொடாமல் பாஞ்சாலியின் சூளுரையோடு நிறுத்திக்கொண்டார் என்பது நம் கவனத்துக்குரியது. காரணம் இதுவென்று அறுதியிட நமக்கு உரிமையில்லை. எனினும் திறனாய்வாளர் இதனைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றே கருதுகிறோம்.

பத்தாண்டுகள் கழித்து, 1918 நவம்பர் 20இல், பாரதியார் எல்லையைத் திரும்பக் கடந்தார். கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். மூன்று வாரத்துக்கும் மேலாகச் சிறையில் இருந்தபின், திருநெல்வேலி மாவட்டத்திலேயே தங்கவேண்டும் என்பது உள்ளிட்ட நிபந்தனைகளோடு விடுவிக்கப்பட்டு, துணைவியார் செல்லம்மாளின் ஊராகிய கடையத்துக்குச் சென்றார். 1920இல்தான் தடை நீங்கிச் சென்னைக்குத் திரும்பிச் 'சுதேசமித்திர'னில் மீண்டும் சேர முடிந்தது. நுணுகிப் பார்த்தால், 'இங்கேதான் இரு' என்று ஓர் அரசு பாரதியாருக்கு ஆணையிட்டது புதுச்சேரியில் அன்று; அவர் பிறந்த மாவட்டத்தில். அந்த ஈராண்டு வாழ்வுக்கு நம்மிடம் நிலைபெற்ற சொல் இல்லை. சொல் இல்லாமையால் வினாவும் இல்லை. எந்தத் தொகுப்பிலும் கடையம் இடம்பெறக் காணோம்.

உரோமானியச் சட்டத்தில் இதற்குச் சொல் இருந்தது. குடியுரிமையையும் உடைமையையும் பறித்து வெளியேற்றுவது 'எக்சிலியம்'. அவற்றை விட்டுவைத்து, குறித்த ஓரிடத்தில் இருக்கச் செய்வது 'ரெலெகாத்தியோ'. கி.பி. 8இல் பேரரசர் அகுஸ்துசு, கவிஞர் ஓவிடைக் கருங்கடற்கரைத் தோமிசு நகருக்கு அனுப்பியது இரண்டாம் வகை. இன்று அவ்வூர் ருமேனியாவின் கொன்ஸ்தான்சா. தாம் முதல் வகையினர் அல்லர் என்பதை ஓவிட் தம் செய்யுளிலேயே வற்புறுத்திச் சொல்லியிருக்கிறார். உறைபனியிலும் வேற்றுமொழிச் சூழலிலும் வாடிய ஒருவர் இச்சட்டச் சொல்லைக் கைவிடாமல் பற்றிக்கொண்டார் என்றால், அவ்வேறுபாட்டில்தான் அவர் வீடும் நிலமும் உரோமைக் குடியுரிமையும் அடங்கியிருந்தன.

தமிழ்நாட்டில் ஆங்கிலேயர் விதித்த தண்டனைகளுள் ஒன்றுக்குத் தமிழர் வழங்கிய பெயர் 'தீவாந்தர தண்டனை'. வடமொழித் 'துவீபாந்தரம்', அதாவது வேறொரு தீவு, தமிழில் தீவாந்தரம் ஆயிற்று. வ. உ. சிதம்பரனாருக்கு 1908 சூலையில் விதிக்கப்பட்டது இதுவே. மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டமையால் அவர் எத்தீவுக்கும் செல்லவில்லை; கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் இருந்து, 1912 திசம்பரில் வெளிவந்தார். அவர் அந்தமானில் செக்கிழுத்ததாகச் சொல்வோர் இன்றும் உண்டு. செக்கு கோவையில் இருந்தது.

உண்மையில் தீவுக்குச் சென்றோர் அவருக்கு ஒரு நூற்றாண்டு முந்தியவர்கள். சென்ற தீவும் நமக்கு அயலானதன்று. 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட பின், கும்பினியார் எழுபதுக்கும் மேற்பட்ட போராளிகளை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றி, அன்று வேல்ஸ் இளவரசர் தீவு எனப்பட்ட பினாங்குக்கு அனுப்பினர். அவர்களுள் சின்ன மருதுவின் மகன் துரைசாமி, இன்னும் மீசை அரும்பாத இளைஞர். சின்ன மருதுவிடம் ஈட்டி எறியக் கற்ற வெல்சு என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவர், பின்னர் அதே குடும்பத்துக்கு எதிரான போரிலும் பங்கெடுத்தவர், 1818இல் பினாங்கு வந்தபோது துரைசாமியைக் காண்கிறார். எதிரே நின்றவரை அவரால் அடையாளம் காண இயலவில்லை. முப்பதை ஒட்டிய அகவையில் முதியவர் தோற்றம். இதனை வெல்சு தம் நினைவுக்குறிப்பு நூலில் எழுதிவைத்திருக்கிறார். துரைசாமி பாட்டெழுதவில்லை, நூலெழுதவில்லை. ஆகவே 'இலக்கியமும் அயல்வாழ்வும்' என்னும் தலைப்பில் அவருக்கு இடமில்லை என்று சிலர் சொல்லக்கூடும். 'நாடுகடத்தப்பட்டார்' என்னும் தொடர் எழுத்துக்கு எழுத்து பொருந்துவது அவருக்குத்தான். வடமொழி நூல்களில் 'துவீபாந்தரம்' என்பது இத்தென்கிழக்காசியத் தீவுக்கூட்டத்தையே சுட்டவும் ஆளப்பட்டுள்ளது. வணிகர் செல்லும் திசையைக் குறித்த சொல், கைதிகள் செல்லும் திசையைக் குறிக்க வந்தது. இந்தியக் கைதிகளை இந்நீரிணைக் குடியேற்றங்களில் வைத்திருக்கும் முறை 1873இல்தான் முடிவுற்றது. சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் அவர்கள் உழைப்பில் எழுந்தது.

ஐரோப்பாவில் தாந்தேயின் நிலை இருவகைக்கும் அடங்காதது. 1301 இறுதியில் அவர் புளோரன்சின் தூதராக உரோமைக்குச் சென்றிருந்தபோது, ஊரில் எதிர்க்கட்சி ஆட்சியைப் பிடித்தது. 1302 சனவரியில் ஈராண்டு விலக்கும் தண்டமும். மார்ச்சில், அகப்பட்டால் எரித்துக் கொல்வதென்று தீர்ப்பு. அவர் கடக்கவுமில்லை, கடத்தப்படவுமில்லை; வெளியே சென்றவருக்குக் கதவு அடைக்கப்பட்டது. இழிவான நிபந்தனைகளோடு 1315இல் வந்த மன்னிப்பை மறுத்து, 1321இல் இராவென்னாவில் மறைந்தார். புளோரன்சு நகரமன்றம் அத்தீர்ப்பை நீக்கத் தீர்மானித்தது 2008இல். உரோமை நகரமன்றம் ஓவிடுக்கு அதே கருணையைக் காட்டியது 2017இல். துணுக்கு விரும்பிகளுக்கு இவை உவப்பளிக்கும். கவிஞர்களுக்குப் பயன் ஏதுமில்லை. விக்தர் யூகோவோ மூன்று நிலையும் கண்டவர். 1851 திசம்பரில் தாமே தப்பி பிரசெல்சு சென்றார். அடுத்த மாதம் வெளியேற்ற ஆணை வந்தது. 1859இல் மூன்றாம் நெப்போலியன் பொதுமன்னிப்பு அறிவித்தபோது திரும்ப மறுத்தார். தன்வினை பிறவினையாகி, மீண்டும் தன்வினையாயிற்று. 'ஏழைபடும் பாடு' என்று தமிழில் அறியப்பட்ட அவர் பெருநாவல் 1862இல் வெளிவந்தது. அதனை அவர் முடித்தது, திரும்பிச் செல்ல வழி திறந்திருந்த காலத்தில்.

இனி, இன்று பெருவழக்காகிவிட்ட 'புலம்பெயர்' என்னும் சொல்லைக் காண்போம். பெயர்ந்தார் என்பது தன்வினை. பெயர்த்தார் என்பதே பிறவினை. பட்டினப்பாலை இத்தொடரைப் புகார்த் துறையில் கலந்து வாழ்ந்த அயல்தேயத்தாருக்கு ஆள்கிறது. அவர்கள் பொருள் தேடித் தாமே வந்தவர்கள். சொல் அவர்களுக்குப் பொருந்தும். 1983க்குப் பின் இலங்கையிலிருந்து தீக்கும் குண்டுக்கும் தப்பி ஓடியோருக்கும் இதே சொல்லை வழங்கினோம். அவர்கள் எழுத்து 'புலம்பெயர் இலக்கியம்' ஆயிற்று. ஒப்பந்தச் சீட்டில் கைநாட்டு வாங்கி மலாயாத் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட நம் முன்னோரையும் புலம்பெயர்ந்தோர் என்கிறோம். சொல் இனிமையானது, பழமையும் உடையது. அதை விலக்கவேண்டும் என்பது நம் கருத்தன்று. ஆனால் வணிகரின் சொல்லை உடுத்தும்போது, துரத்தியவரும் ஏற்றி அனுப்பியவரும் இலக்கணத்திலிருந்தே நழுவிவிடுகின்றனர் என்பதை ஆசிரியர்கள் வகுப்பறையில் எடுத்துச் சொல்லலாம். 'அகதி' அத்தகையதன்று, கதியற்றவர் என்னும் அதன் பொருள் எதையும் மறைப்பதில்லை. அதனாலேயே அதைச் சூட்டிக்கொள்ளப் பலர் தயங்குகின்றனர் போலும்.

மலாய்மொழியின் 'புவாங் நெகரி' ஒளிவுமறைவற்றது. புவாங் என்றால் எறிதல். குப்பை கொட்டாதீர் என்னும் அறிவிப்புப் பலகைகளில் நாம் நாள்தோறும் காணும் வினை. பேராக் சுல்தான் அப்துல்லாவை ஆங்கிலேயர் 1877இல் சேசெல்சுத் தீவுகளுக்கு அனுப்பிய செய்தியை மலாய் வரலாற்று நூல்கள் இச்சொல்லாலேயே குறிக்கின்றன. இந்தோனேசிய நாவலாசிரியர் பிரமூதியா அனந்த தூர் 1965 அக்டோபரில் கைதாகி, வழக்கு விசாரணை ஏதுமின்றி 1969 முதல் 1979 வரை புரு தீவில் வைக்கப்பட்டார். அதுவும் இந்தோனேசிய மண்ணே. நாட்டெல்லை எதுவும் கடக்கப்படவில்லை. எழுதுகோலும் தாளும் மறுக்கப்பட்டிருந்த 1973இல், உடனிருந்த கைதிகளுக்கு அவர் வாய்மொழியாகச் சொன்ன கதைதான் 'பூமி மனுசியா'. பெயரின் இரு சொற்களும் தமிழருக்கு விளங்குபவை. 1980இல் அது நூலாகியது. மறு ஆண்டே தடை செய்யப்பட்டது. 1979இல் விடுதலை பெற்றபோது, குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்னும் சான்றிதழ் அவர் கையில் தரப்பட்டது. அச்சான்றிதழோடு 1992 வரை ஜகார்த்தா நகரை விட்டு நீங்கத் தடையும் இருந்தது. கைதின்போது வாங்கிய அடியால் செவித்திறன் குன்றியிருந்த பிரமூதியா, பின்னர் அயல்நாட்டு அவைகளில் பேசச் சென்றது 1999இல், தம் எழுபத்து நான்காம் அகவையில்.