கத்திக்கு எவ்வளவு கடினம் வேண்டும்?

கத்தி வாங்கப் போனால் எத்தனை நாள் கூர் நிற்கும் என்றுதான் முதலில் கேட்கிறோம். காய் நறுக்க, கயிறு அறுக்க, மலையேறப் போன இடத்தில் ஒரு குச்சியைச் சீவ என்று சின்ன வேலைகளுக்கு வாங்கும்போது கேட்க வேண்டியது வேறு: மழுங்கினால் வீட்டிலேயே தீட்ட முடியுமா? எஃகின் கடினத்தை ராக்வெல் அளவில் சொல்வார்கள். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் மடக்குக் கத்தி ஏறத்தாழ 56. விலை உயர்ந்த கத்திகளில் வரும் எஸ்30வி எஃகு 60ஐ ஒட்டி நிற்கும். எண்ணில் வித்தியாசம் கொஞ்சம்தான், உள்ளே இருக்கும் சரக்கு வேறு. எஸ்30வியில் 1.45 சதவீதம் கார்பனும் 4 சதவீதம் வனேடியமும் உண்டு. இரண்டும் கூடி உண்டாகும் வனேடியம் கார்பைடுத் துகள்கள், கடையில் கிடைக்கும் சாணைக்கல்லின் அலுமினியம் ஆக்ஸைடையே கடினத்தில் மிஞ்சுபவை. கூர் நீடிப்பதும் அவற்றால்தான், தீட்ட வைரத்தூள் பதித்த தகடு தேவைப்படுவதும் அவற்றால்தான்.

மென்மையான எஃகு சீக்கிரம் மழுங்குமே என்பார்கள். மழுங்கும், உண்மை. ஆனால் அதன் விளிம்பு பெரும்பாலும் மடங்கும். மிகக் கடினமானதோ சில்லுத் தெறிக்கும். மடங்கியதை, பளபளப்புப் பூசாத பீங்கான் கோப்பையின் அடி விளிம்பில் நாலு இழுப்பு இழுத்தே நிமிர்த்திவிடலாம். தெறித்ததைச் சரிசெய்ய இரும்பை அந்த ஆழம்வரை தேய்த்தாக வேண்டும். பாட்டி காலத்து அரிவாள்மனை துரு ஏறும் கார்பன் எஃகுதானே, அதன் கூர் எதற்கு வரும் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. பிரான்சின் ஒப்பினெல் இன்றும் கார்பன் எஃகில் மடக்குக் கத்தி செய்கிறது. துடைத்து, உலர்த்தி, எண்ணெய் தடவி வைப்பவர்களுக்கு அது அருமையான கத்தி. எலுமிச்சையும் புளியும் அன்றாடம் புழங்கும் அடுக்களையில் அந்தப் பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வாழைப்பூ நறுக்கினால் அதிலுள்ள டானின் இரும்போடு சேர்ந்து அலகையே கறுக்க வைக்கும்.

ஸ்வீடனின் 12சி27 எஃகு எஸ்30விக்கும் கார்பன் எஃகுக்கும் நடுவே நிற்கிறது. 0.6 சதவீதம் கார்பன், 13.5 சதவீதம் குரோமியம். குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத படலமாகித் துருவைத் தடுக்கிறது. கார்பைடுகள் பொடியாக இருப்பதால் மெல்லிய விளிம்பும் எளிதில் வரும். அந்த நாட்டின் மோரா கத்திகள் பலவற்றில் இருப்பது இந்த எஃகுதான். தேங்காய் உடைக்கவும் விறகு பிளக்கவும் இதைக் கொண்டுபோகாதீர்கள். அதற்கு லாரியின் வில்பட்டையில் அடித்த அரிவாள் இருக்கிறது. மற்ற வேலைகளுக்கு 56 முதல் 58 வரை கடினமுள்ள இத்தகைய துருப்பிடிக்காத எஃகே போதும். மிச்சமாகும் பணத்தில் இருபக்கச் சாணைக்கல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.