முகாம் வேலிக்கு அப்பால் ஒரு பந்து

1988ஆம் ஆண்டு ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரில் பிறந்தவர் நாடியா நதீம். ஐந்து பெண்பிள்ளைகள் உள்ள குடும்பம். தந்தை இராணுவ அதிகாரி. தாய் ஹமிதா பாடசாலை அதிபர். தந்தை ஒருநாள் பந்தொன்றை வாங்கி வந்து, வீட்டு முற்றத்தில் பிள்ளைகளுக்கு விளையாடக் கற்றுக்கொடுத்தார்.

2000ஆம் ஆண்டில் தந்தையைத் தலிபான்கள் கொன்றார்கள். பெண்பிள்ளைகள் பாடசாலைக்குப் போக முடியாத, ஆண் துணையின்றிப் பெண்கள் வெளியில் நடமாட முடியாத காலம் அது. இருந்ததை விற்றுப் பணம் சேர்த்த ஹமிதா, பிள்ளைகளுடன் பாகிஸ்தான் சென்று, போலிக் கடவுச்சீட்டில் இத்தாலியை அடைந்தார். அங்கிருந்து லொறியொன்றில் ஏறினார்கள். லண்டன் போவதாகவே நினைத்தார்கள். இறக்கிவிடப்பட்ட இடமோ டென்மார்க்!

அகதி முகாமுக்கு அருகில் உதைபந்தாட்டக் கழகமொன்றின் மைதானம் இருந்தது. அங்கே பெண்பிள்ளைகள் விளையாடுவதை நாடியா வியப்போடு பார்த்து நின்றார். அப்படியொரு காட்சியை அவர் அதற்குமுன் கண்டதில்லை. பாஷை தெரியாத போதிலும், தானும் சேரலாமா என்று பயிற்சியாளரிடம் கேட்டார். அனுமதி கிடைத்தது.

அதன்பின் பி52 ஓல்போர்க் கழகத்தின் இளையோர் அணியிலும், தொடர்ந்து டீம் விபோர்க் அணியிலும் விளையாடினார். முன்வரிசையில் நின்று கோல் போடுவதே அவரது வேலை. 2006இல் ஸ்கோவ்பக்கன் கழகத்தில் சேர்ந்து, ஆறு ஆண்டுகள் அங்கு ஆடினார்.

தேசிய அணி அவரை அழைத்தபோது சட்டம் குறுக்கே நின்றது. பிறநாட்டில் பிறந்தவர் 18 வயதுக்குப் பின் ஐந்து ஆண்டுகள் அந்த நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது அப்போது சர்வதேச சம்மேளனத்தின் விதியாக இருந்தது. அகதியாக வந்த சிறுமி, எந்த வயதில் வருவது என்று தானாகவா தீர்மானித்தாள்? டென்மார்க் உதைபந்தாட்டச் சங்கம் அவருக்காக வாதாடியது. விதிவிலக்குக் கிடைத்தது. 2009இல், 21ஆவது வயதில், டென்மார்க்கின் சீருடையை அணிந்தார்.

2017 ஐரோப்பியக் கிண்ணக் காலிறுதியில், தொடர்ந்து ஆறு தடவை கிண்ணம் வென்றிருந்த ஜேர்மனிக்கு எதிராக டென்மார்க்கின் முதல் கோலைப் போட்டவர் இவரே. அந்த ஆட்டத்தில் டென்மார்க் 2-1 என வென்றது. நெதர்லாந்துடனான இறுதியாட்டத்திலும் முதல் கோல் இவருடையது. ஆனால் டென்மார்க் 4-2 எனத் தோற்றது.

விளையாட்டோடு படிப்பையும் அவர் கைவிடவில்லை. அமெரிக்கா, இங்கிலாந்து, பிரான்ஸ் என்று கழகங்கள் மாறியபோதும் மருத்துவப் படிப்பைத் தொடர்ந்தார். 2022 ஜனவரியில் டாக்டரானார்.

அதே ஆண்டு நவம்பரில், கட்டாரில் உலகக் கிண்ண வர்ணனையாளராக இருந்தபோது, தாய் ஹமிதா டென்மார்க்கில் லொறி மோதி இறந்த செய்தி வந்தது. துணையின்றி ஐந்து பிள்ளைகளைக் கரைசேர்த்த அந்தத் தாய், மகள் டாக்டரானதைக் கண்டபின்பே கண்மூடினார்.

சகோதரிகளே, இழப்பை எந்தக் கோலும் ஈடுசெய்யாது. தந்தையைத் திருப்பித் தர எந்தக் கிண்ணத்தாலும் முடியாது. ஆனால் முகாமில் வளரும் பிள்ளையின் காலடிக்கு ஒரு பந்து உருண்டு வரும்போது, "உனக்கேன் இது?" என்று தடுக்காதிருப்பது நம் கையில்தான் இருக்கிறது.